நொண்டினால் வெற்றி

லுவான் யாச்சின் அந்தக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சண்டை போட்டாள். சம்பளத்துக்காக இல்லை, விடுப்புக்காகவும் இல்லை. ஒரே ஒரு சொல்லுக்காக.

கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். இடது ஓரம் முழுக்க எண்கள். ஓர் எண்ணுக்கு ஓர் ஈமு. ஆள் உயரம் நிற்கிற, பறக்கத் தெரியாத, பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்ட மாதிரி இறகு தொங்குகிற பறவைகள். அவற்றுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில வாரங்களில் இடுப்பு மூட்டுக்குள் இருக்கிற எலும்பு உருண்டைக்கு இரத்தம் போவது நின்று, எலும்பு செத்துப்போகும். செத்த எலும்பு உடம்பின் பாரம் தாங்காமல் நொறுங்கும். பறவை நொண்டும். நொண்டத் தொடங்கிய அன்றைக்குப் பலகையில் அந்த எண்ணை ஆய்வு மாணவி கோங் வெய்ரான் பச்சைப் பேனாவால் 'வெற்றி' என்ற கட்டத்தில் எழுதுவாள்.

யாச்சின் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"இது என்ன, வெற்றி?"

கோங் அப்போதுதான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தாள். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற பெண். "நோய்க்கு மாதிரி உருவாக்கறதுல வெற்றின்னு அர்த்தம் அக்கா. மனுசங்களுக்கு வர்ற நோய் அப்படியே பறவைக்கும் வந்தாத்தான் அதுமேல மருந்தைப் போட்டுப் பார்க்க முடியும். வந்துட்டா வெற்றி, வரலேன்னா தோல்வி. எல்லா ஆய்வுக்கூடத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க."

"எனக்கும் இதே மருந்தைத்தான் ஏத்துனாங்க. இதே எலும்புதான் செத்துச்சு. அப்போ நானும் வெற்றியா?"

கோங் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். யாச்சின் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அன்றிலிருந்து, கொட்டகையைப் பெருக்கும்போதெல்லாம் அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவாள். யாராவது வந்து திரும்ப நேராக மாட்டுவார்கள். இது ஒரு மாதம் நடந்தது.

அவள் அப்படிப்பட்டவள்தான். வீட்டில் கணவன் சாய் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடம் ஆகிறது. "கழுதை" என்றுதான் கூப்பிடுவான். பிடித்த பிடியை விடாதவர்களைப் பெய்ஜிங்கில் அப்படித்தான் சொல்வார்கள், பாதி திட்டாகவும் பாதி செல்லமாகவும்.

2003-ஆம் வருடத்து வசந்தத்தில் அவள் ஒரு மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தாள். சார்ஸ் காய்ச்சல் நகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரம். நோயாளிக்குச் சட்டி வைத்து எடுத்தவளுக்கே காய்ச்சல் வந்தது. அவளைப் போட்ட அறையில் பதினொரு கட்டில். பதினொரு பேருக்கும் மூச்சு இழுத்தது, பதினொரு பேருக்கும் ஒரே ஸ்டீராய்டை, ஒரே அளவில், நாள் தவறாமல் ஏற்றினார்கள். பதினொரு பேரும் பிழைத்தார்கள். பிழைக்கவைத்தது அந்த மருந்துதான் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. முகமூடி போட்டுக்கொண்டு ஊசி குத்திய கைகளை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. அந்தக் கைகளில் இரண்டு பிறகு அதே காய்ச்சலில் போயின.

அடுத்த வருடம், பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கும்போது இடது இடுப்பில் ஆணி அடித்த மாதிரி வலித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு செத்திருந்தது. ஊரில் இந்த நோய்க்கு 'சாகவிடாத புற்றுநோய்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவள் எதிரில் சொன்ன ஒரு காய்கறிக்காரியிடம் அவள் இன்றுவரை காய் வாங்குவதில்லை. செயற்கை மூட்டு வைக்கலாம், ஆனால் பதினைந்து வருடத்தில் அது தேயும், அப்புறம் மறுபடி அறுக்க வேண்டும், அதனால் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள், நடக்காமல் உட்கார்ந்தே இருங்கள் என்றார்கள். தள்ளிப்போட ஒப்புக்கொண்டாள். உட்கார ஒப்புக்கொள்ளவில்லை. தெருக் குழுவினர் வருடப் பிறப்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றி சொல்லி வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். சாய் அதன்மேல் குளிர்காலத்து முட்டைக்கோஸை அடுக்கினான். ஒவ்வொரு குளிர்காலமும் அது முட்டைக்கோஸ் நாற்காலியாகவே இருந்தது.

கொட்டகை வேலை கிடைத்ததும் ஒரு வாய்த்துடுக்கால்தான். இந்த நோயாளிகளைக் கூட்டிவைத்துப் பேராசிரியர் தெங் ஒரு நாள் பேசினார். முதலில் முயலுக்குத்தான் மருந்து போட்டுப் பார்த்தார்களாம். முயலுக்கும் எலும்பு செத்ததாம், ஆனால் நொறுங்கவில்லையாம். நாலு காலில் பாரத்தைப் பகிர்ந்துகொண்டு நாள் முழுக்கக் குந்தியிருக்கிற பிராணிக்கு மூட்டு எப்படி நொறுங்கும்? மனிதனைப் போல இரண்டே காலில் கனமாக நிற்கிற பிராணி வேண்டும், அதனால் ஈமு வாங்கியிருக்கிறோம் என்றார். கடைசி வரிசையிலிருந்து யாச்சின் எழுந்து நின்றாள்.

"ரெண்டு கால்ல நிக்கிற ஜந்துதானே வேணும்? நானும் நிக்கிறேன் வாத்தியாரே. உங்க பறவைக்குத் தீனி போட ஆள் வேணுமா, வேண்டாமா?"

கூட்டம் சிரித்தது. தெங்கும் சிரித்தார். முன்கோபக்காரர், ஆனால் வம்பு பிடிக்கும். அடுத்த திங்கட்கிழமை, நகரத்துக்குத் தெற்கே தர்பூசணி வயல்களுக்கு நடுவில் இருந்த கொட்டகைக்கு அவள் கைத்தடியோடு வந்து சேர்ந்தாள்.

விலைக்கு வாங்கிய பறவைகள் தீர்ந்தபின், அடுத்த ஆய்வுக்கு முட்டையிலிருந்தே வளர்ப்பது என்று முடிவானது. 2010 கோடையில் பதினெட்டுக் குஞ்சுகள் பொரிந்தன, அணில் மாதிரி முதுகில் கோடு போட்டுக்கொண்டு. ஈமுக் குஞ்சு கண் திறந்ததும் முன்னால் யார் நடக்கிறார்களோ அவர்கள் பின்னால் போகும். முன்னால் நடந்தது யாச்சின். காலையில் கொட்டகையிலிருந்து வயல் வேலிவரை, சாயங்காலம் வேலியிலிருந்து கொட்டகைவரை. வலது கால் ஓர் எட்டு, கைத்தடி ஊன்றி ஒரு நிறுத்தம், இடது கால் அரை எட்டு. பின்னால் பதினெட்டும் வரிசையாக வரும்.

அதில் பதினேழாம் எண் பெட்டை மட்டும் வரிசையில் நிற்காது. எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு யாச்சினின் முதுகை ஒட்டித்தான் வரும். அவளுடைய பஞ்சுச் சட்டையில் இரண்டு பொத்தான் அதன் வயிற்றில் இருக்கிறது. ஊசி போட வந்த கால்நடை மருத்துவரை ஒரே உதையில் தீவன மூட்டையில் உட்காரவைத்தது. வீட்டில் தனக்குக் கிடைத்த பெயரை யாச்சின் அதற்குக் கொடுத்துவிட்டாள். கழுதை.

"அடியே கழுதை, பொத்தானை விடு. பேண்ட் போட்டுக்கிட்டா அதுலயும் பொத்தான் இருக்கும், அதையும் தின்னுவியா?" என்று அவள் பேசிக்கொண்டே நடப்பாள். அதுவும் தொண்டைப் பையிலிருந்து மத்தளம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே வரும்.

பறவைகளோடு அவளுக்கு இருந்த உறவைப் பற்றி நான் பூசி மெழுக விரும்பவில்லை. ஊசி போடப் பிடித்துக்கொடுத்ததும் அவள்தான். ஆய்வு முடிந்ததும் அவற்றை மேசைக்குக் கொண்டுபோய், எலும்பை எடுத்து வெட்டிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதல் கூட்டம் போன நாட்களில் கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறாள். "இதுங்க போனாத்தான் எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு எலும்பு நிக்கும்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். ஊசி போட்டும் எலும்பு சாகாத பறவையின் எண்ணைச் சிவப்புப் பேனாவால் 'தோல்வி' கட்டத்தில் எழுதுவார்கள். எழுதிய வாரத்து வெள்ளிக்கிழமையே அதற்குக் கடைசி ஊசி. அதன் எலும்பை யாரும் வெட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிழைத்த குற்றத்துக்குத் தண்டனை என்று யாச்சின் சொல்வாள்.

2012 தொடக்கத்தில் பதினெட்டுப் பறவைகளுக்கும் வேலை ஆரம்பமானது. காலில் நீல வளையம் போட்ட ஆறுக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. சிவப்பு வளையம் போட்ட பன்னிரண்டுக்கு ஸ்டீராய்டு. கழுதைக்குச் சிவப்பு. எட்டு வாரம் கழித்து, தினமும் காலையில், ஒரு நீள நடைபாதையில் தரையோடு தரையாகப் பதித்த பாதப் பலகைமேல் பறவைகள் நடக்க வேண்டும். எந்தக் கால் எவ்வளவு நேரம் பாரம் தாங்குகிறது என்று அது கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும். முட்டைக்கோஸ் வாளியோடு யாச்சின் முன்னால் நடப்பாள். பறவைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். கோங் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோட்டைப் பார்ப்பாள்.

ஒன்பதாவது வாரம் சிவப்பு வளையங்கள் நொண்டின. சரிதான், அதற்குத்தானே ஊசி. ஆனால் நீல வளையங்களும் நொண்டின. பதினெட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றுக்கும் இடது கால் குட்டை எட்டாக விழுந்தது.

தெங் கோட்டுத்தாள்களை மேசையில் விசிறினார்.

"உப்புத்தண்ணி ஊசி வாங்கினவன் எப்படிம்மா நொண்டுவான்? மருந்துக் குப்பியை மாத்திட்டே நீ."

"மாத்தல ஐயா. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பார்த்துத்தான் நிரப்பினேன்" என்றாள் கோங்.

"அப்போ பறவை பொய் சொல்லுதா? இருபதாம் தேதி மேலிடத்துலேருந்து ஆய்வைப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள நீயே ஒரு கடிதம் எழுதிக் கொடு, என் கவனக்குறைவுதான் காரணம்னு. உன்னை வேற துறையில சேர்த்துக்கச் சொல்லிப் பார்க்கிறேன்."

கோங் வெளியே வந்து தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஆறிப்போன வேகவைத்த ரொட்டி ஒன்றைக் கடித்து, மென்று, விழுங்காமல் வைத்திருந்தாள். மூன்று வருட உழைப்பு ஒரு கடிதத்தில் போகப்போகிறது. அழுதிருந்தால்கூட யாச்சினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மதியம் வில்லோ மரத்துப் பஞ்சு காற்றில் பறந்தது. ஏப்ரலில் அந்த ஊரில் அது பனி மாதிரி கொட்டும். பறவைகள் அதைப் பிடிக்க வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்தன. யாச்சின் வேலியில் சாய்ந்து பார்த்தாள். நீல வளையம் போட்டவை காலை நீட்டிப்போட்டு நேராக ஓடின. சிவப்பு வளையம் போட்டவற்றில் பதினொன்று ஓரமாக, இடுப்பை இழுத்துக்கொண்டு நின்றன. ஒரு சிவப்பு மட்டும் நீலங்களை முந்திக்கொண்டு ஓடியது. கழுதை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாளியைக் கைத்தடியால் தட்டிவிட்டு நடந்தாள். எல்லாம் ஓடிவந்து வரிசை கட்டின. நாலு எட்டு போனதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலது கால் ஓர் எட்டு, நிறுத்தம், இடது கால் அரை எட்டு. அவள் நின்றால் நின்றன, அவள் இழுத்தால் இழுத்தன. கண் திறந்த நாள்முதல் பார்த்த நடை. அதைத் தவிர அவற்றுக்கு முன்னால் யாரும் நடந்து காட்டியதில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. தனியாக நின்று தொடையில் தட்டிச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றது. குப்பி மாறவில்லை, நடைதான் மாறிவிட்டது என்று சொன்னால் கோங் தப்பிப்பாள். ஆனால் வேறு யாராவது முன்னால் நடந்து கோடு நேரானால், கழுதை மருந்து வாங்கியும் நொண்டாதவள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அன்றைக்கே சிவப்புப் பேனா. இத்தனை நாளும் அவளுடைய நொண்டி நடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் அது உயிரோடு இருந்திருக்கிறது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்காகப் பிறகு அவள் வெட்கப்பட்டாள், ஆனால் இரண்டு நாள் என்பது நிஜம். மூன்றாம் நாள் காலை கோங் மேசையில் அந்தக் கடிதத்தைப் பாதி எழுதிவைத்திருந்ததைப் பார்த்தாள். எழுத்து நடுக்கமே இல்லாமல் அழகாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், மாடிப்படிக்கு அடியில் சக்கர நாற்காலிமேல் மிச்சமிருந்த நாலு வாடிய முட்டைக்கோஸை எடுத்துத் தரையில் வைத்தாள்.

வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த சாய் எட்டிப் பார்த்தான். "கழுதை, என்ன பண்றே? அதைத் தொட்டா கையை ஒடிப்பேன்னு ஏழு வருசமாச் சொன்னவ நீதானே?"

"நாளைக்கு உனக்கு வேலை இருக்கா?"

"ஓய்வு பெத்தவனுக்கு என்ன வேலை. சதுரங்கம் ஆடணும்."

"முப்பது வருசம் பஸ் ஓட்டுனியே, பயணி கையில இருக்கற டீ சிந்தாம ஓட்டுவேன்னு பீத்திக்குவியே. நாளைக்கு ஓட்டிக் காட்டு."

சாய் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. சக்கரத்துக்கு எண்ணெய் போட்டான். அந்த நாற்காலியில் அவள் உட்காரப்போகிறாள் என்று புரிந்துகொண்டான், ஆனால் அதைச் சொன்னால் அவள் உட்காரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் கொட்டகையில் தெங்கும் கோங்கும் இருந்தபோது யாச்சின் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஊசியில தப்பில்ல வாத்தியாரே. நடையில தப்பு. என் நடை. குஞ்சுலேருந்து என் பின்னாடி வந்து என்னை மாதிரியே நடக்குதுங்க. வெளியில விட்டுப் பாருங்க, நீல வளையம் ஒண்ணும் நொண்டாது."

தெங் அவளையும் பறவைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "இதை எப்போ கண்டுபிடிச்சே?"

"மூணு நாள் முன்னாடி."

"இந்தப் பொண்ணு கடிதம் எழுதிக்கிட்டிருக்கா. மூணு நாளா நீ வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"அது என் தப்பு. அதுக்கு என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா கோங்கைத் திட்டுனதைத் திரும்ப எடுத்துக்குங்க. அதையும் இங்கயே, என் காதுபட."

தெங்குக்கு முகம் சிவந்தது. "முதல்ல நிஜமான்னு பார்ப்போம். இனிமே ஒழுங்கா நடக்கத் தெரிஞ்ச ஆள் முன்னாடி போகட்டும்" என்று சொல்லிவிட்டு வாளியை அவரே பிடுங்கிக்கொண்டார்.

ஒழுங்காக நடக்கத் தெரிந்தவர் நடைபாதையில் நேராக, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஒரு பறவைகூடப் பின்னால் போகவில்லை. திரும்பி வந்து நாக்கைச் சொடுக்கினார், முட்டைக்கோஸை ஆட்டினார், கெஞ்சாத குறை. கழுதை மட்டும் இரண்டு எட்டு வைத்து அவர் பையிலிருந்த பேனாவைக் கொத்தி எடுத்தது, தங்கமூடி போட்ட பேனா. விழுங்குவதற்குள் யாச்சின் அதன் கழுத்தைப் பிடித்து வாயிலிருந்து பிடுங்கி, சட்டையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒழுங்கா நடக்கறவங்களை இதுங்களுக்குத் தெரியாது வாத்தியாரே. நான்தான் முன்னாடி போகணும். நொண்டாம எப்படிப் போறதுன்னு நான் யோசிச்சு வெச்சிருக்கேன்."

வாசலில் சாய் நாற்காலியோடு நின்றான். சிவப்பு ரிப்பன்கூட இன்னும் கைப்பிடியில் இருந்தது, அழுக்கேறி. யாச்சின் கைத்தடியைக் கோங்கிடம் கொடுத்தாள். ஒரு கையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். வைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. எத்தனை டாக்டர்கள், எத்தனை அண்டைவீட்டார், சொந்தத் தங்கச்சி உட்பட, இதில் உட்காரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் கொடுக்காததை இப்போது யாரும் கேட்காமலே கொடுக்கிறாள். உட்கார்ந்தாள். வலி குறைந்தது, அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

"போலாம் ரைட்" என்றான் சாய், முப்பது வருடம் கண்டக்டரிடம் கேட்ட பழக்கத்தில்.

அவன் ஓட்டியதைக் குறை சொல்லவே முடியாது. ஒரே வேகம், ஒரு குலுக்கல் இல்லை. யாச்சின் மடியில் வாளியை வைத்துத் தட்டினாள். பறவைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அவளுடைய முகம், அவளுடைய வாளி, ஆனால் இழுப்பும் இல்லை நிறுத்தமும் இல்லை. கழுதைதான் முதலில் வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகப் பாதப் பலகைமேல் வந்தன. நீல வளையம் ஆறும் நேராக நடந்தன. சிவப்பு வளையத்தில் பதினொன்று நொண்டின. இந்தமுறை அது அவளுடைய நொண்டல் இல்லை. அவற்றின் சொந்த இடுப்பு, சொந்த வலி.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து தெங் ஓடிவந்தார். இந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "கோங், கடிதத்தைக் கிழிச்சுப் போடு. நான் சொன்னது தப்பு. தப்புன்னு சொல்லிட்டேன் லுவான், காதுல விழுந்துச்சா?" என்றார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே, அதே மூச்சில், "பதினேழு மட்டும் தோல்வி. வெள்ளிக்கிழமை எடுத்துடுங்க" என்றார்.

கோங் பலகையில் பதினொரு எண்களை 'வெற்றி' கட்டத்தில் எழுதிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தவள் மூடியைக் கழற்றாமல் நின்றாள்.

"எழுதாதே" என்றாள் யாச்சின்.

"லுவான், உனக்கு அந்தப் பறவைமேல பாசம், எனக்குப் புரியுது..."

"பாசம் இருக்கு, இல்லேங்கல. ஆனா இப்போ பாசத்தைப் பேச வரல. பன்னெண்டு பறவைக்கு ஒரே மருந்து. பதினொண்ணுக்கு எலும்பு செத்துச்சு. ஒண்ணுக்குச் சாகல. ஏன் சாகலேன்னு உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரே?"

"அது... மாதிரி சரியா உருவாகல."

"அது பதிலா? செத்ததுக்கு ஸ்கேன் எடுக்கறீங்க, வெட்டிப் பார்க்கறீங்க, பச்சை மையில வெற்றின்னு எழுதறீங்க. சாகாததைக் குப்பையில போடறீங்க. என் அறையில பதினொரு கட்டில். ஏழு பேர் நொண்டி. நாலு பேருக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துக் கட்டில்ல இருந்த சியே, இலையுதிர்காலம் வந்தா இன்னும் மலையேறிச் சிவப்பு இலை பார்க்கப் போறா. அவ உடம்புலயும் அதே மருந்துதான் ஓடுச்சு. எட்டு வருசமா எங்க ஏழு பேரையும் வரச்சொல்லிப் படம் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. அந்த நாலு பேரை ஒருத்தராவது கூப்பிட்டு, நீ எப்படித் தப்பிச்சேன்னு கேட்டிருக்கீங்களா?"

தெங் கேட்டதில்லை. அவர் மட்டும் இல்லை, யாரும் கேட்டதில்லை. நல்லா இருக்கிறவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை, வராதவர்களுக்குக் கோப்பு கிடையாது.

"நியாயம்தான்" என்றார் கடைசியில், மெதுவாக. "ஆனா அட்டவணையில வெற்றி, தோல்வின்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. இதை எங்க போடறது?"

யாச்சின் நாற்காலியிலிருந்து எழுந்தாள். சாய் கை நீட்டினான், தட்டிவிட்டாள். பலகைக்குப் போய்க் கோங்கின் கையிலிருந்து பேனாவை வாங்கி, இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்து மூன்றாவது கட்டம் போட்டாள். அதற்குள் 'பதினேழு' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'சியே' என்று எழுதினாள். பிறகு பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் கட்டத்தில் பதினொரு எண்களுக்கும் கீழே, பெரிய எழுத்தில், 'லுவான் யாச்சின், இடது இடுப்பு, வெற்றி' என்று எழுதினாள்.

தெங் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை அழிக்கச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை. கடைசியில் கோங்தான் ஈரத்துணியை எடுத்து, 'வெற்றி', 'தோல்வி' என்ற தலைப்புகள் இரண்டையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் 'எலும்பு செத்தது', 'எலும்பு சாகவில்லை' என்று எழுதினாள். யாச்சின் இழுத்த மூன்றாவது கட்டத்துக்கு 'ஏன்?' என்று தலைப்புப் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்றார் தெங். "பதினேழுக்கு இந்த வாரமே ஸ்கேன் எடுங்க. இரத்தமும் எடுங்க." பிறகு தொண்டையைச் செருமினார். "அந்த சியே... அவங்க போன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"நாலு பேரோடதும் இருக்கு. மனப்பாடம்."

"சொல்லு, எழுதிக்கறேன்."

"பறவைக்குத் தீனி வைக்கிற நேரமாச்சு. நடந்துக்கிட்டே சொல்றேன். வேணும்னா கூட வாங்க."

கைத்தடியை வாங்கிக்கொண்டு அவள் வெட்டவெளிக்கு நடந்தாள். வாளிச் சத்தம் கேட்டுக் கழுதை எல்லோரையும் இடித்துக்கொண்டு வந்து அவள் முதுகை ஒட்டி நின்றது, மறுபடி நொண்டத் தொடங்கியது. அதற்குப் பின்னால், பறவைக் கடி பட்ட தங்கமூடிப் பேனாவும் ஒரு தாளுமாகப் பேராசிரியர் தெங் வந்தார். யாச்சின் இரண்டு எண் சொல்வாள், நிற்பாள். அவர் எழுதுவார், நிற்பார். முந்திப்போனால் எண் காதில் விழவில்லை, பின்தங்கினாலும் விழவில்லை. வேலியை எட்டுவதற்குள் அவருக்கும் பழகிவிட்டது. வலது கால் ஓர் எட்டு, ஒரு நிறுத்தம், இடது கால் அரை எட்டு.